சோறு வைக்காத இலை

என் கணவருக்குச் சர்க்கரை இருப்பது ஒரகடத்தில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நடந்த மருத்துவ முகாமில்தான் தெரிந்தது. அன்று மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், டிபன் பாக்ஸ் பையை என்னிடம் நீட்டிக்கொண்டே, "சுகர் இருக்காம். கொஞ்சம் அதிகமாவே இருக்காம்" என்றார். ஊரிலிருந்து யாரோ விருந்தாளி வரப்போவதைச் சொல்வது போல இருந்தது.

டாக்டரிடம் போனோம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சோறு, இட்லி, தோசை எல்லாம் நல்லா குறைச்சுடுங்க. நீங்க சைவமா? அப்ப பன்னீர், பாதாம், காளான் இதையெல்லாம் நிறைய சேத்துக்குங்க" என்றார். வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர் மெல்லச் சொன்னார்: "பாதாம் சாப்பிட்டா சுகர் குறையுமோ என்னவோ, பர்ஸ் நிச்சயம் குறையும்." இரண்டு பேரும் சிரித்தோம். ஆட்டோவில் ஏறிய பிறகு நான் மாதச் செலவை மனதுக்குள் கூட்டிக் கழிக்க ஆரம்பித்தேன்.

கீழ்க்கட்டளையில் எங்களுடையது வாடகை வீடு. அவர் சம்பளமும் நான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதில் வருவதும் சேர்ந்துதான் மாதம் ஓடியது. ரேஷன் அரிசிதான் எங்களைத் தாங்கியது. குழம்பு நீர்த்துப் போனாலும், காய் போதாவிட்டாலும், திடீரென்று யாராவது வந்தாலும் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டால் சமாளித்துவிடலாம். அந்த அரிசியையே குறைக்கச் சொன்னால் என்ன செய்வது? எல்லாருடைய வயிற்றையும் எதைக் கொண்டு நிரப்புவது?

தெரிந்ததைக் கொண்டு ஆரம்பித்தேன். கடைகட்டும் நேரத்தில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனால் கீரையும் காயும் மலிவாகக் கிடைக்கும். சுரைக்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ் என்று பை நிறைய வாங்கி வருவேன். வேர்க்கடலையை ஊறவைத்து வேகவைத்துத் தாளிப்பேன். சோயா உருண்டைகளைக் கொதிநீரில் போட்டுப் பிழிந்து, மிளகும் வெங்காயமும் சேர்த்து வதக்குவேன். திரிந்துபோன பாலை முன்பெல்லாம் கொட்டிவிடுவேன். இப்போது வடிகட்டி, கட்டிவைத்துப் பன்னீர் ஆக்கினேன். முட்டைக்கோஸைப் பொடிப்பொடியாக நறுக்கி, புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறினேன். ஒரு வாய் சாப்பிட்டவர், "கண்ண மூடிக்கிட்டா புளியோதரைதான்" என்றார். கொஞ்சம் மென்றுவிட்டு, "நல்லா மூடிக்கணும்" என்றார்.

அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் மேல் வீட்டில் குக்கர் விசிலடித்துச் சோறு வேகும் மணம் இறங்கி வரும்போது, அவர் தலை மேலே நிமிர்ந்து, பிறகு தட்டுக்குத் திரும்பும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

எங்கள் மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். நானும் அவரோடு சேர்ந்து சோற்றை விட்டிருந்தேன். வளர்கிற பிள்ளை, அவளுக்கு மட்டும் கொஞ்சம் சோறு வடிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் அவளையும் காணவில்லை, அவள் தட்டையும் காணவில்லை. அவர்தான் தேடிப் போனார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

"இங்க என்னடா பண்ற?"

"நீங்க பாத்தா உங்களுக்கும் ஆசையா இருக்கும்ல, அப்பா."

தட்டை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் சோற்றில் சாம்பாரை விட்டு, நெய் ஒரு சொட்டு விட்டு, தானே பிசைந்தார். உருண்டை பிடித்து அவள் கையில் வைத்தார். "நீ ஒளிஞ்சு சாப்பிட்டாதான்டா எனக்குத் தொண்டைல எறங்காது" என்றார். பிசைந்த விரல்களை நக்காமல் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்து, தன் சுரைக்காய்க் கூட்டைச் சாப்பிட ஆரம்பித்தார். நான் அப்பளம் பொரிக்கிற சாக்கில் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

பிறகு படப்பையில் அவருடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. பந்தியில் உட்கார்ந்தோம். சோற்று வாளியோடு வந்த பையனைப் பார்த்ததும் அவர் கையை இலைக்கு மேல் விரித்து மறைத்தார். பையன் திகைத்துப் போய் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். சமையல்காரரே தோளில் துண்டோடு வந்துவிட்டார்.

"இன்னா சார், சோறு வாணான்றியாமே? கோச்சிக்கினியா? எதுனா கொற கீதா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லண்ணா. சுகரு."

எதிர்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், "கல்யாண வூட்ல ஒரு நாள் துன்னா ஒண்ணும் ஆவாதுப்பா" என்றார். பக்கத்து வரிசைகளும் திரும்பிப் பார்த்தன. என் கணவரின் காது சிவந்துவிட்டது. அப்போது என் மகள் தன் இலையிலிருந்த அவரைக்காய்ப் பொரியலை வழித்து அவர் இலையில் வைத்தாள். நானும் என் கூட்டை எடுத்து வைத்தேன். சமையல்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே போனவர் பொரியல் வாளியோடு திரும்பி வந்து, அதை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தா சார், நீயே வெச்சிக்கோ. என் சம்சாரத்துக்கும் இதே பேஜாருதான்."

அந்த வாளி பந்தி முடியும்வரை அங்கேயே இருந்தது. போகிற வருகிறவர்களெல்லாம் எங்களிடம் பொரியல் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் பரிமாறினார். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லி மகள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த தடவை ரத்தம் பரிசோதித்துப் பார்த்த டாக்டர், நன்றாகக் குறைந்திருக்கிறது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆனால் மத்தியானத்தில் சின்னக் கிண்ணம் அளவு சோறு சாப்பிடலாம் என்றார். மறுநாள் மூன்று பேருக்குமாகச் சோறு வடித்தேன். அவர் கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்து, ரசம் விட்டு, ஒரு கவளம் வாயில் வைத்தார். நானும் மகளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொஞ்சம் கொழைஞ்சிடுச்சு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் அவர் சொன்ன முதல் குறை அது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.