எட்டு போட ஒரு கோன் செட்

பைக்கில் எட்டு போடும்போது இரண்டு முறையும் காலை ஊன்றிவிட்டு, இரண்டு முறையும் லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன். எல்.எல்.ஆர். முடியப் பத்து நாள்தான் இருந்தது. இந்த முறையும் கோட்டைவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதுவரை கருவடிக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து, தினமும் இரண்டாவது பெல் அடித்த பிறகு போய்ச் சேர வேண்டும். தலை சீவ மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். அங்கே சீவ என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

ஹேண்டில் நடுவுக்கு வந்ததும் டக்கென்று உட்கார்ந்துகொள்கிறது, அப்புறம் திரும்ப மாட்டேன் என்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

"பன்னெண்டு வருஷமா இதே வண்டியத்தான் ஓட்றேன், எனக்கு ஒண்ணும் தெரியலியே. உனக்கு பேலன்ஸ் வரல, அத சொல்லு."

எப்படித் தெரியும்? எங்கள் டவுன் தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர். மூலையில் மட்டும் ஒரு திருப்பு, பிறகு மறுபடி நேர். இந்த ஊரில் ஹேண்டிலை வெல்டிங் வைத்து ஓட்டினாலும் பாதி நாள் ஓட்டிவிடலாம்.

ரெட்டியார்பாளையத்து மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒற்றை விரலால் ஹேண்டிலைத் திருப்பினார். நடுவில் டக்.

"கோன் செட்டு போச்சுக்கா. ஸ்டீயரிங் பேரிங். கண்ட செட்டையும் வாங்கியாந்துடாதீங்க, மூணே மாசத்துல திரும்ப இதே கதைதான்."

பிரித்துக் காட்டினார். பேரிங்கின் ஒவ்வொரு இரும்புக் குண்டும் பழைய வளையத்தில் தனக்கென்று ஒரு குழி தோண்டி வைத்திருந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அந்த வளையத்தைப் பேப்பரில் மடித்து எடுத்துவந்து, மறுநாள் காலை வீட்டுக்காரருடைய இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேற எவன் வண்டியோடதோ காட்டி அனுப்பிட்டான்," என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்குச் சட்னியைத் தலையிலேயே ஊற்றியிருப்பேன்.

ஸ்பேர்ஸ் கடைக்கு நானே போனேன்.

"அண்ணன வரச் சொல்லுங்கக்கா, பாத்து வாங்கற சாமான் இது," என்றார் கடைக்காரர்.

"அண்ணனுக்கு நேரா போகத்தான் தெரியும். நீங்க எடுத்து வைங்க."

மூன்று பாக்கெட் வைத்தார். முதலாவதில் எழுத்தே மங்கல், வளையத்தில் நம்பரும் இல்லை. இரண்டாவதில் நம்பர் இருந்தது, ஆனால் உள்பக்கம் நகத்தை ஓட்டினால் சொரசொரவென்று தட்டியது. மூன்றாவது, குண்டுக்குப் பதில் உருளை வைத்த டேப்பர் பேரிங். விரலில் மாட்டிச் சுற்றினேன், சத்தமே இல்லை. காதில் வைத்தும் சுற்றினேன். பாக்கெட் நம்பரும் வளையத்து நம்பரும் ஒன்று. பழைய வளையத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன், அளவு இம்மி பிசகவில்லை.

"பேரிங் வாங்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களாக்கா?"

"பொண்ணுன்னா இவ்ளோ பாக்க மாட்டேன்."

மெக்கானிக் கிரீஸ் அப்பி மாட்டிக்கொடுத்தார். எட்டாம் நாள் மைதானத்தில், நான் நினைப்பதற்கு முன்பே ஹேண்டில் திரும்பியது. எட்டு முடிந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். ஏறு," என்று கூட வந்திருந்த வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார்.

பன்னிரண்டு வருடமாக ஹேண்டிலோடு மல்லுக்கட்டிய கை. பழக்கத்தில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். வண்டி இடப்பக்கம் பாய்ந்தது, பதறி இழுத்தார், வலப்பக்கம் பாய்ந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்த மூன்று பேரும் ஒன்றாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

"வண்டி சரியில்ல," என்றார்.

நான் இறங்கிப் போய் முன்னால் நின்றேன். அவர் டீக்கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் பின்னால் ஏறிக்கொண்டார். முதல் திருப்பத்தில் என் தோளைப் பிடித்த கையை வீட்டு வாசல்வரை அவர் எடுக்கவே இல்லை.