இருபத்தைந்து நொடி காத்திரு

ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, என் அக்காவின் அறைக்கு ஒன்று என்று என் மனைவி மூன்று ஸ்பீக்கர்களை வாங்கி வந்த அன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வீட்டில் ரேடியோ இருக்கும்போது இது எதற்கு என்பது என் கட்சி. போதாக்குறைக்கு, அவற்றோடு வந்த செயலியையும் அவள் சீந்தவில்லை. ஃபிரிட்ஜ் மேல் ஒரு பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்து, தானே நாலு வரி எழுதி அந்த ஸ்பீக்கர்களை ஆட்டி வைத்தாள்.

அவள் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவு டெக்னீஷியன். நான் செபராங் ஜெயாவில் குமாஸ்தா. தினமும் ஜார்ஜ் டவுன் வீட்டிலிருந்து ஒரே காரில் கடல் பாலம் தாண்டிப் போகிறவர்கள் என்பதால், என்னை எழுப்புவதுதான் அவளுடைய முதல் பரிசோதனை. காலையில் ஹால் ஸ்பீக்கர் மெல்லப் பாடத் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சத்தம் ஒரு படி ஏறும். நான் போர்வைக்குள் எவ்வளவு ஆழம் போனாலும் தப்ப முடியாது.

"என்னலா மந்திரம் இது?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"மந்திரம் ஒண்ணும் இல்லங்க. நம்ம வைஃபைல ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு அட்ரஸ் இருக்கு. அந்த அட்ரஸுக்குப் பாடு, நிறுத்து, காத்திருன்னு சொல்லி அனுப்புறேன். அவ்ளோதான்."

பெரிய வேலைகளுக்கெல்லாம் அவள் 'அவ்ளோதான்' போடுவாள். எனக்கோ ஒரு பல்பு மாற்றினால்கூட நாலு பேர் பார்த்துப் பாராட்ட வேண்டும்.

போன வருஷம் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடே இருப்பவள். தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு நடத்திய வாய் ஒரே காலையில் நின்றுபோனது. கையும் காலும் மெல்லத் திரும்பின. நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் மட்டும் வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் கோப்பையைத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் எங்களில் யாராவது ஓடுவோம்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் மலாய்ப் பெண் தெளிவாகச் சொன்னாள். சொந்தமாகப் பேச வராவிட்டாலும் மனப்பாடமாக இருப்பது சிலருக்கு வரும், எண்களோ பாட்டோ பிரார்த்தனையோ தினமும் வாயைத் திறந்து சொல்லட்டும், இந்த மாதங்களை விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்றாள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஜெபமாலையை விட மனப்பாடமானது எங்களிடம் ஏது? ஒருவர் மாதாவை வாழ்த்தும் மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறு பாதியைச் சொல்ல வேண்டும். அப்படி ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டினால் ஒரு சுற்று. அன்று சாயங்காலமே அக்காவின் கட்டிலருகில் மண்டியிட்டு நான் தொடங்கினேன். அவள் உதடு அசைந்தது, குழறியது. உடனே சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் முன்னால் குழற அவளுக்கு வெட்கம். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. நான் சமையலறைக்குப் போய் மனைவியிடம் கத்தினேன், என்னவோ அவள்தான் காரணம் என்பது போல.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "நம்ம முன்னாலதான அவங்களுக்கு வெக்கம்? ஸ்பீக்கர் முன்னால என்ன வெக்கம்?" என்றாள். போனை நீட்டி என் குரலில் முதல் பாதியைப் பதிந்துகொண்டாள். சாயங்காலம் பள்ளிவாசல் பாங்கு முடிந்த பிறகு அக்காவின் அறை ஸ்பீக்கர் அதைச் சொல்லும், கொஞ்சம் காத்திருக்கும், மறுபடி சொல்லும். பத்து முறை; பிறகு ஒரு முடிவு மந்திரம்.

முதல் நாள் சொதப்பல். எங்கள் வீட்டில் ஜெபமாலை ரயில் வேகத்தில்தான் போகும், சோறு ஆறிவிடுமே. அந்தக் கணக்கில் ஆறு நொடி வைத்திருந்தோம். அக்கா பாதி வார்த்தையைத் தேடுவதற்குள் என் குரல் அடுத்ததற்குப் பாய்ந்தது. மறுநாள் என் மனைவி கதவுத் திரைக்குப் பின்னால் ஸ்டாப் வாட்சோடு நின்றாள். அக்கா ஒரு மறு பாதியை முடிக்க இருபத்தொரு நொடி. லேப்டாப்பில் ஒரே ஓர் எண்ணை மாற்றினாள்: காத்திரு, இருபத்தைந்து.

யாரும் பார்க்காத அறையில், அவசரப்படுத்தாத ஒன்றுக்கு அக்கா பதில் சொல்லத் தொடங்கினாள். நாங்கள் ஹாலில் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருப்போம். வாரம் ஒரு முறை திரைக்குப் பின்னால் நின்று அளப்பாள் என் மனைவி. இருபத்தைந்து இருபத்திரண்டானது, பதினேழானது. தொழிற்சாலையில் ஆயிரம் சர்க்யூட் போர்டு சோதிக்கிறவள் வீட்டில் இந்த ஓர் எண்ணை அவ்வளவு பொறுமையாகக் குறைத்ததைப் பார்த்துத்தான், நான் கட்டிக்கொண்டது யாரை என்று எனக்கே உறைத்தது. அதை அவளிடம் சொன்னேன். "அவ்ளோதான்" என்றாள்.

ஆனால் பிரார்த்தனை முடிந்ததும் பழையபடி கரண்டிதான். நாலு மாதமாகியும் சொந்தமாக ஒரு சொல் இல்லை. இனி இப்படியேதானோ என்று எனக்குள் பயம் உட்கார்ந்துவிட்டது.

எண் பதினொன்றுக்கு வந்த சமயம், லேப்டாப்பில் தான் எழுதியதே என் மனைவியின் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஒரே வரியைப் பத்து முறை ஒட்டி வைத்திருந்தாளாம், அசிங்கமாம். ஒரு சனிக்கிழமை அதையெல்லாம் அழித்துவிட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை திரும்பச் செய் என்று சுருக்கினாள்.

அன்று சாயங்காலம் நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சுற்று முடிந்து ஸ்பீக்கர் முடிவு மந்திரத்துக்குப் போனது. அக்கா பதில் சொல்லவில்லை. கோப்பையும் தட்டப்படவில்லை. பிறகு அறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணு... கொறையுது."

கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ஜெபமாலையின் பத்தாவது மணி நகராமல் இருந்தது. கணக்கில் கோட்டை விட்ட மாணவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"ஒம்போதுதான்... தம்பி."

நான் அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன், ஐம்பத்திரண்டு வயசு ஆள்.

என் மனைவி லேப்டாப்பிடம் ஓடினாள். ஒன்றிலிருந்து பத்து வரை என்றால் அந்தக் கணினி மொழியில் பத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுமாம். இத்தனை வருஷம் டெஸ்டிங்கில் இருந்துகொண்டு இந்தத் தப்பைச் செய்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். "இருங்கக்கா, ஒரே நிமிசம், சரி பண்ணிடுறேன்" என்று விசைப்பலகையில் கை வைத்தாள்.

அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். சொல்லைத் தேடினாள். நாங்கள் காத்திருந்தோம்.

"விடு. அது... நான்."

தெரிந்தே ஒரு பிழையை விட்டு வைக்க என் மனைவிக்கு எப்படித்தான் மனசு வந்ததோ, விட்டு வைத்தாள். இப்போதும் எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் ஒன்பது முறைதான் சொல்லும். பத்தாவதை அக்கா தொடங்குவாள். நாங்கள் இருவரும் கட்டிலருகில் மண்டியிட்டுப் பதில் சொல்வோம்.