குட்டை வில் தேடி ராயப்பேட்டைக்கு

பட்டணத்துக்குப் போகிறவர்கள் கடற்கரை பார்ப்பார்கள், மயிலாப்பூரில் சாமி கும்பிடுவார்கள், தியாகராய நகரில் புடவை எடுப்பார்கள். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் தை மாதத்தில், நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வில் செய்துகொண்டு வரப் போனோம். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எங்களுக்குச் சோறு போடுகிற சாமான் அது.

எங்கள் நாடகக் கம்பெனி அப்போது செங்கல்பட்டில் கொட்டகை போட்டிருந்தது. நான் உடுப்புத் தைப்பவள். அவர் வேடன் வேஷம் போடுபவர். கொட்டகை வாசலில் ஒரு மேடை. அதில் நின்று, ஜனங்களின் தலைக்கு மேலே அறுபதடி தூரம் அம்பு விட்டு, அரங்கில் நிற்கும் மரப்புலியை அடிப்பார். எங்கள் நாடகத்துக்குக் கூட்டம் வந்ததே அந்த ஓர் அம்புக்காகத்தான். போன ஆவணியில் திரை கட்டும் ஏணியிலிருந்து விழுந்தார். வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. நிற்க முடியாது. முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துதான் எதுவும் செய்ய வேண்டும்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் சும்மா உட்கார வைத்துச் சோறு போட அவருக்கு மட்டும் எங்கே முடிகிறது? "மாசக் கடைசியில விழுப்புரம் போறோம். அதுக்குள்ள உட்கார்ந்தபடியே புலியை அடிச்சுக் காட்டு, கூட வா. இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் இங்கேயே ஒரு வழி பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

பழைய வில் ஆள் உயரம். உட்கார்ந்து பிடித்தால் கீழ் நுனி தரையில் முட்டியது, சாய்த்துப் பிடித்தால் நீட்டிய காலில் இடித்தது. ஆகவே வில் மூன்றரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. குட்டை வில் என்று விளையாட்டுச் சாமான் செய்தாலும் ஆகாது. இழுவை லேசாக இருந்தால் அம்பு வளைந்து மேலே போகும், கொட்டகைக் கூரையோ கையெட்டும் உயரம். கீற்றில் குத்திக்கொண்டு நிற்கும். குட்டையாகவும் இருக்க வேண்டும், முரடாகவும் இருக்க வேண்டும். செங்கல்பட்டுத் தச்சர்கள் கையை விரித்துவிட்டார்கள். முன்பு பட்டணத்தில் நாடகம் போட்டபோது எங்களுக்குச் சிம்மாசனம் செய்து கொடுத்த ராயப்பேட்டை காதர் பாயின் ஞாபகம் வந்தது. புறப்பட்டுவிட்டோம்.

காலை ஆறு மணி பாசஞ்சரில் தாம்பரம், அங்கே மின்சார ரயில் மாறி மாம்பலம். மூன்றாம் வகுப்பு ஆளுக்குப் பத்து அணா. தாம்பரத்தில் படி ஏறி இறங்க வேண்டும். கால் சரியில்லாதவரோடு போகிறவர்கள் போர்ட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கைத்தாங்கலாகக் கூட்டிப்போவார். தங்கியது மேற்கு மாம்பலத்தில் என் சித்தி மகள் கமலா வீட்டில். ரேஷன் காலம். வெறுங்கையோடு போய் யார் வீட்டு வாசலிலும் நிற்காதீர்கள். நாங்கள் அரிசி கொண்டுபோனோம், மரியாதை கிடைத்தது. கொசுவலையும் கொண்டுபோயிருக்கலாம். மாம்பலத்துக் கொசு ரேஷனுக்குக் கட்டுப்பட்டதில்லை.

அங்கிருந்து ராயப்பேட்டை மூன்று மைல். ஜட்கா வண்டிக்காரர் பன்னிரண்டு அணா கேட்டார், என் வீட்டுக்காரர் காலைப் பார்த்துவிட்டு அவராகவே எட்டாகக் குறைத்தார். "வெளிய காலை நீட்டிக்கினு குந்து நைனா. உள்ள சுருட்டிக்கினா வலிக்கும். நா மெதுவா ஓட்டிக்கினு போறேன்" என்றார். அப்படியே ஓட்டினார்.

காதர் பாய் கடை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில். கட்டில், தொட்டில், நாற்காலி. விஷயத்தைக் கேட்டதும் உளியைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இது, வில்லா? கட்டில் கேளு, நாளைக்கே தர்றேன். வில்லு செஞ்சு எனக்கு இன்னா பழக்கம் கீது?"

"எங்களுக்கு மட்டும் வேறு யாரைத் தெரியும் பாய்?" என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், நீட்டிய காலைப் பார்த்தார். உள்ளே போய் நல்ல தேக்குச் சட்டம் ஒன்றை எடுத்து வந்தார்.

தேக்கு வில் மறுநாளே தயார். தடிமனாக, பார்க்கவே பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் பாதி இழுப்பதற்குள் பட்டென்று இரண்டாகிவிட்டது. குட்டை வில்லின் சங்கடம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நீள வில்லில் வளைவு எல்லா இடத்துக்கும் பங்கு போகும். குட்டையில் அத்தனையும் கொஞ்சம் மரத்தின் தலையில் விழும். தடிமனாகச் செய்தால் அந்த மரம் வளையாமல் முறியும். பலத்தை அகலத்தில் வைக்க வேண்டும், தடிமனைக் குறைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு தேக்குச் சட்டம் செலவு.

அடுத்தது சடச்சி மரம். சுமைதூக்குகிறவர்கள் தோளில் போடும் காவடித் தண்டுக்கு ஆகும் மரம், வளைந்து கொடுக்கும். பாய் அதை வாளால் நேராக அறுத்து, இழைப்புளி போட்டு, முகம் பார்க்கிற மாதிரி வழவழப்பாக்கி, பாலிஷும் போட்டுவிட்டார். கண்பட்டுவிடும் போல அழகு! முக்கால் இழுவையில் வில்லின் வெளிவளைவில், முதுகுப்பக்கம், மரச்சிலாம்பு கிளம்பி, அதுவும் போயிற்று.

முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். அடுப்புக்கு விறகு பிளக்கிறவளுக்கு மரத்தின் ரேகை தெரியும். ரேகை வளைந்து போயிருந்தது, பாயின் வாள் நேராகப் போயிருந்தது. ரேகை வெட்டுப்பட்ட இடத்திலேயே முறிவு.

"பாய், அறுக்காமல் கோடாலியால் பிளந்து பார்த்தால் என்ன? மரம் போகிற வழியிலேயே விட்டுவிடலாமே."

"பிளந்தா கோணலா வரும்மா. முதுகை இழைக்கவும் கூடாது. பாம்பாட்டம் நெளிஞ்சிக்கினு கீற சாமானை என் கடையிலிருந்து வெளிய அனுப்பினா, நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"நாலு பேர் எங்களுக்குச் சோறு போடுவார்களா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. பாய் கோபித்துக்கொள்ளவில்லை, கோடாலியை எடுத்தார். இன்னொரு சடச்சிக் கட்டை இரண்டாகப் பிளந்தது. பாதி வில்லுக்கு, பாதி மூலையில்.

அவர் வேலை செய்த விதத்தை அப்புறம் பார்க்க வேண்டும். முதுகில் கை வைக்கவே இல்லை. உள்பக்கத்தை மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார். பஞ்சு கொட்டுகிறவர்களிடம் வாங்கிய நரம்பை நாணாகக் கட்டி, வில்லைச் சுவர் ஆணியில் மாட்டி, நாணில் செங்கற்களைத் தொங்கவிட்டு, எட்டி நின்று பார்ப்பார். எந்த இடம் வளையாமல் முறுக்கிக்கொண்டு நிற்கிறதோ அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சுரண்டல். ஒரு கல் கூட்டுவார், மறுபடி பார்ப்பார். எட்டுக் கல் தாங்கியபோது வில்லின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தன. கோணல் வில்தான். பாய் அதை ஒரு துணியில் சுற்றி வெட்கத்தோடு கொடுத்தார்.

சந்தில் முக்காலி போட்டோம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மார்புவரை இழுத்து விட்டார். எதிரே சாத்தியிருந்த பலகையில் அம்பு போய் இறங்கிய சத்தம் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரோ "சபாஷ்!" என்று கத்தினார்கள். அதுதான் வினை. இருபது வருஷத்து நாடகப் பழக்கம், கைதட்டல் கேட்டால் நாண் காதுக்குப் போக வேண்டும். அடுத்த அம்பை வைத்தார், கண்ணை உருட்டினார், காதுவரை இழுத்தார். மூன்றாவது வில்லும் போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள். அவர் தலை குனிந்து, "காதுவரை இழுத்தாத்தான் வேடன். மார்போட நிறுத்தினா யார் நம்புவா?" என்றார். ஆத்திரம் போய் அழுகை வந்தது. கால் மடங்காமல் போனபோதுகூட அவர் இப்படி உடைந்து நான் பார்க்கவில்லை.

பாய் மூலையில் கிடந்த மீதிப் பாதியைக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டார். சமாதானமாக, "கட்டில் சின்னதா கீதுன்னா இன்னா பண்ணுவோம் நைனா? காலை மடக்கிக்கினு படுத்துக்குவோம். அவ்ளோதான்" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நானும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"கால்தான் மடங்காதே பாய்" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆவணிக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பாயும் சிரித்தார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

நாலாவது வில்லோடு பாய் இன்னொரு காரியம் செய்தார். அம்புகளையெல்லாம் குட்டையாக நறுக்கிவிட்டார். மார்பைத் தாண்டி இழுத்தால் அம்பு நழுவிக் கீழே விழும். பழக்கம் எத்தனை கத்தினாலும் கை அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

செங்கல்பட்டுக்குத் திரும்பிய வாரமே ஆட்டம். வாசல் மேடையில் முக்காலி. ஜனங்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணை உருட்டவில்லை. அம்பை வைத்தார், மார்புவரை இழுத்தார், விட்டார். இவ்வளவு சின்ன இழுப்பு என்பதால், விட்டாரா இல்லையா என்றே பலருக்குத் தெரியவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. அப்புறம் முன்வரிசையில் ஒரு குழந்தை, "அம்மா, புலி நெத்தியில பாரு!" என்றது. கூரை பறக்கிற மாதிரிக் கைதட்டினார்கள்.

ஆட்டம் முடிந்து முதலாளி வந்தார். வில்லை வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தார். பாதிகூட வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இதே மாதிரி காரியமாகப் பட்டணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அளவை மட்டும் எழுதி அனுப்பிச் சாமான் செய்யச் சொல்லாதீர்கள், அதைப் பிடிக்கப் போகிறவரையும் கூட்டிப்போங்கள். தேக்கை வாசற்கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பிளந்து வாங்குங்கள், கோணலைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஒரு வாரம் என்று நினைத்துப் போனால் இரண்டு வாரத்துக்கு அரிசி எடுத்துப்போங்கள்.

நேற்று விழுப்புரத்தில் கொட்டகை போட்டாகிவிட்டது. கூரையை எந்த உயரத்தில் கட்டுவது என்று முதலாளி என் வீட்டுக்காரரைத்தான் கேட்டார்.