மிஸ் வேனில் வந்த சனிக்கிழமை

தம்பியின் தொடையில் இருந்த பெல்ட் தழும்பைப் பள்ளிக்கூட டீச்சர் பார்த்துவிட்ட பிறகுதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அந்த மிஸ் வரத் தொடங்கினார். அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த காலம் அது. தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கிக் களைத்து வரும் அப்பாவுக்குச் சோறு குழைந்தாலும் கோபம், தம்பி அழுதாலும் கோபம்.

மிஸ் சிறுவர் நலப் பிரிவில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களோடு பாயில் உட்காருவார். கோபம் வந்தால் கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்கும்படி அப்பாவிடம் சொல்வார். தம்பியோடு விளையாடவும் சொல்வார். மூட்டை தூக்கும் அப்பா, பிளாஸ்டிக் கட்டைகளை உடைந்துவிடுமோ என்று பயந்தவர்போல் அடுக்குவார். நான் மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பரீட்சையில் அப்பா தோற்றால் எங்களைப் பிரித்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் ஹோமில் சேர்த்துவிடுவார்கள் என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா சொல்லியிருந்தாள். அதனால் மிஸ் வருமுன் தரையைத் துடைத்து, தம்பிக்குத் தலை சீவி, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துவேன்.

ஒரு சனிக்கிழமை மிஸ் வேனில் வந்து இறங்கினார். அவ்வளவுதான், எங்களை ஏற்றிப் போகத்தான் வேன் என்று தம்பியை இழுத்துக்கொண்டு தேயிலை மலைக்குள் ஓடினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. செடிகளுக்கு அடியில் பதுங்கினோம். அட்டை கடித்து அழுத தம்பியின் வாயை என் கையால் பொத்தினேன். அப்பா எங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மேலே ஏறி வந்தார். எங்களைக் கண்டதும் அவர் கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா குந்தி உட்கார்ந்து தம்பியின் காலிலிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்மா ஓடுனீங்க?"

"ஹோமுக்குப் போக மாட்டோம்பா. இங்கயே இருக்கோம்."

அப்பா எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். சற்றுக் கீழே மிஸ் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதையில் மண் சரிந்து பஸ் ஓடாததால்தான் வேனில் வந்தாராம்.

அதன்பிறகு மிஸ் வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். ஆனால் மலையில் ஒளிந்த அன்று முழுக்க எனக்கு ஒரே பயம். அப்பா அழுததை மிஸ் பார்த்துவிட்டாரே, இனி எங்களை விட்டுவைக்க மாட்டார் என்று நினைத்தேன். ஓங்கிய கை இறங்கியதைத்தான் அவர் பார்த்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.