ஏழு முதுகுகள்

இன்று கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறேன். ஆனால் நான் எடுத்த முதல் படத்தில் ஒரு முகம்கூடக் கிடையாது.

ஏழாம் வகுப்பில் 'என் அம்மா' என்ற தலைப்பில் படம் எடுத்து வரச் சொன்னார்கள். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மாமாவின் போனைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, பாபநாசத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் வயலுக்கு ஓடினேன். அம்மாவோடு சேர்த்து ஏழு பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை நட்டபடி பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"இறங்கி அந்தப் பக்கமா வாடி, மூஞ்சி தெரியும்ல?" என்று அம்மா நிமிராமலே கூப்பிட்டாள்.

காலில் புதுச் செருப்பு. சேற்றில் இறங்க எனக்கென்ன தலையெழுத்தா? வரப்பில் நின்றபடியே ஒரே அமுக்கு. மாமா அதை டீச்சருக்கு அனுப்பிவிட்டு மறுநாள் விமானம் ஏறிவிட்டார்.

டீச்சர் அதைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து வைத்திருந்தார். "படம் நல்லா வந்திருக்கு. இதுல உங்கம்மா யாரும்மா?"

எல்லோருக்கும் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. நிறமாவது தெரியுமா என்றால் அதுவும் போயிருந்தது. வகுப்பே என்னைப் பார்த்தது. குத்துமதிப்பாக மூன்றாவது ஆளைக் காட்டினேன். பெற்ற தாயை அடையாளம் தெரியாமல் முழித்ததை நினைத்து வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "யார் யாருன்னு சொல்லு பாப்போம்" என்று விளையாட்டுபோலப் படத்தை நீட்டினேன்.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "முட்டியில கைய ஊணியிருக்கா பாரு, இது உங்க பெரியம்மா. மூட்டுவலி. கால அகட்டி நிக்கிறது சித்தி. நாலு மாசம்ல அவளுக்கு?"

நான் வகுப்பில் காட்டியது சித்தியை!

"அவள ஒட்டிக்கிட்டே வர்றா பாரு, எதிர்வீட்டு மருமவ. பேச்சுத்துணை இல்லாட்டி அவளுக்கு நடவே ஓடாது."

முகமே இல்லாத படத்தில் ஆறு பேரையும் புட்டுப் புட்டு வைத்தாள். கடைசி முதுகில் விரல் நின்றுவிட்டது.

"இவ யாருடி? நம்ம ஆளுங்கள்ல இப்படிக் கூன் விழுந்தவ யாரும் இல்லையே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, அது நீதாம்மா!"

அம்மா சிரிக்கவில்லை. படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தாள். "நானா? இவ்ளோவா வளைஞ்சிருக்கேன்?" என்றாள். பிறகு படத்தை என்னிடமே கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கே தெரியாத அம்மாவை நான் கண்டுபிடித்துவிட்டேனாம்! ஏழு பேரில் ஆறு பேர் போனால் மிச்சம் அவள்தானே. அம்மாவை நான் பார்த்துச் சொல்லவில்லை, கழித்துச் சொன்னேன் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.