படி தாண்டாத பூ

அந்த பிப்ரவரியில் ஆம்ப்ரோஸ் பிகாட்டுக்கு எல்லாமே பாரமாக இருந்தது. பூட்ஸ் பாரம், மண்வெட்டி பாரம், முழங்கால் அதைவிடப் பாரம். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு பெரிய வீட்டின் மதில் சூழ்ந்த தோட்டத்தில் நாற்பத்தொரு வருஷமாகத் தோட்டக்காரர். உழைத்துத் தேய்ந்த உடம்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் செடிகள் கேட்குமா? ருபார்ப் கீரைத் தண்டு, குளிருக்கு மேலே கவிழ்த்து வைத்த மண்பானையை முட்டித் தூக்கிவிட்டது. தெற்குச் சுவரில் பீச் மரம் மொட்டுக் கட்டிவிட்டது. ஆப்பிள் மரத்தடியில் ஸ்னோட்ராப் தலையைக் கவிழ்த்து வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது.

மதிலுக்கு வெளிப்புறம் ஒட்டினாற்போல அவர் குடிசை. மனைவி லெட்டியின் கட்டிலை அடுப்புச் சூட்டுக்காகச் சமையலறைக்கே கொண்டுவந்து போட்டாகிவிட்டது. ஈஸ்டர் வரை தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் செங்கல் சுவர்தான் தெரியும்.

"ஸ்னோட்ராப் பூத்துடுச்சா?" என்றாள் லெட்டி.

"பூத்துடுச்சு."

"ஒரு கொத்து பறிச்சிட்டு வாயேன்."

அவர் அடுப்பைக் கிளறினார். அந்தப் பூ வாசல்படி தாண்டி வீட்டுக்குள் வந்தால் பின்னாலேயே சவப்பெட்டி வரும் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. மற்றவர்களுக்குப் பேச்சு, அவருக்கு அப்படியில்லை. அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தங்கை ஒரு கைப்பிடி பறித்து வந்து, அவித்த முட்டை வைக்கிற சின்னக் கிண்ணத்தில் வைத்தாள். பூ வாடுவதற்குள் தொண்டை அடைப்பான் நோய் கண்டு செத்துப்போனாள்.

"செத்துடுவேன்னு பயமா? அதான் டாக்டரே சொல்லிட்டாரே! பூவும் சேர்ந்து கொல்லட்டுமே, யாருக்கு நஷ்டம்?"

"வாயை அலம்பு, லெட்டி."

"பயந்தாங்கொள்ளி! என் கண்ணால ஒருதரம் பாத்துட்டுப் போறேனே."

அவர் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று அவள் நினைத்தாள். திரும்பி வந்தது தள்ளுவண்டியோடு. சாணி எருப் போடுகிற வண்டி. கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே கம்பளி விரித்திருந்தார்.

"பூ உள்ளே வராது. நீ வெளியே வா."

"எரு வண்டியிலயா? நல்ல மரியாதைதான்!" என்று சிரித்தவளுக்கு இருமல் வந்துவிட்டது.

தூக்கும்போது, அய்யோ, இவ்வளவு எடைதானா இவள் என்றிருந்தது அவருக்கு. மதில் கதவுக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆப்பிள் மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு வண்டியிலிருந்தபடியே குனிந்து, ஒரே ஒரு பூவைக் கிள்ளிச் சட்டைப் பொத்தான் துளையில் செருகிக்கொண்டாள்.

வாசல்படி வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

"அதை எடுத்துடு, லெட்டி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மாட்டேன்."

"என் தங்கச்சி..."

"அந்தக் குழந்தையப் பூ கொல்லல, ஆம்ப்ரோஸ். இத்தனை வருஷமா நீ அந்தப் பயத்தையே சுமந்துட்டுத் திரியறே. களைச்சுப் போயிட்டே. இறக்கி வையேன்."

குளிர் ஏறிக்கொண்டிருந்தது, அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது.

"குளிருதுப்பா. தள்ளு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைப் படிமேல் ஏற்றினார்.