பின்வாசலில் நெளிந்த பூரான்

அருங்காட்சியகத்தில் அவளுக்குக் காலெண்ணி என்று பெயர். மண்ணுக்குள் வாழும் நூல் போன்ற பூரான்களின் கால்களை எண்ணி, இது இன்ன இனம் என்று சொல்வதுதான் பிழைப்பு. கல்யாணமான புதிதில் கணவனின் நண்பர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் நாற்றுப்பண்ணை வைத்திருந்தான். மண்ணுக்கு மேலே அவர் பாடு, கீழே என் பாடு என்பாள்.

அன்று காலை பின்வாசலில் வேர் முட்டிப்போன ஒரு தொட்டியை அவன் கவிழ்த்தான்.

"இங்க வா, உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

மண்கட்டியிலிருந்து வெளிர்மஞ்சளாக ஒன்று நெளிந்தது. பல் துலக்கிக்கொண்டே வந்தவள், உள்ளூர்ப் பூரான்தானே என்று நினைத்தாலும், பழக்கதோஷத்தில் அதை ஆல்கஹால் குப்பியில் போட்டுக்கொண்டாள்.

மதியம் வேலை ஓய்ந்தபோது நுண்ணோக்கியில் வைத்தாள். நாற்பத்தொரு ஜோடிக் கால்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அத்தனை கால் உள்ளவை பல உண்டு. புரட்டிப் போட்டுக் கடைசிக் கால்களின் அடியைப் பார்த்தாள். பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய துளை. நச்சுக் கொடுக்கின் அடியில் கறுத்த பல். அப்படியே கை நின்றுவிட்டது. இந்த மூன்று அடையாளமும் சேர்ந்த இனம், கடல் தாண்டி ஒரு மழைக்காட்டு மலைச்சரிவில் தவிர வேறெங்கும் இல்லை என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். அவளும்தான். அலமாரியிலிருந்த பழைய மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசல்.

குப்பி மாறியிருக்கும் என்றார் பிரிவுத் தலைவி. பிறகு தானே குனிந்து பார்த்தார். பழைய மாதிரியையும் இதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"எங்க கிடைச்சுது?"

"எங்க வீட்டுப் பின்வாசல்ல மேடம்."

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பண்ணைத் தொட்டிகளைக் கவிழ்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்த பெரணிச் செடிகளின் மண்ணில் தொட்டிக்குத் தொட்டி இருந்தது. ஒன்று முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு படுத்திருந்தது. பிடித்தவற்றையெல்லாம் சோதித்தாள். அத்தனையும் பெண். தேடித் தேடிப் பார்த்தும் ஓர் ஆண்கூட இல்லை.

"ஆண் இல்லாமலே பெருகுது போலங்க. ஒரு தொட்டிக்கு ஒண்ணு போயிருந்தாலே போதும்."

அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவன் செடி போகாத தெரு ஏது? அவளே தங்கை வீட்டுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். போய்த் தோண்டினார்கள். அங்கும் இருந்தது.

"கடிக்குமா அக்கா?" என்றாள் தங்கை, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு.

கடிக்காது என்றும், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் உயிர்களை அது என்ன செய்கிறது என்பதுதான் தெரியவில்லை என்றும் சொன்னாள். மறுநாள் அவன் பண்ணையைப் பூட்டினான். ஊர் முழுக்கத் தானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டதாகத் திரும்பத் திரும்பப் புலம்பினான். ஆனால் அவள் வரைபடத்தை விரித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செடி போன இடங்களை நினைவிலிருந்து காட்டினான். மருத்துவமனை வாசல், பள்ளிக்கூடம், வங்கி. தோண்டிய இடமெல்லாம் புள்ளி விழுந்தது.

அவன் செடி போகாத இடத்தில் இது இல்லை என்று காட்டினால்தான் கணக்கு நேராகும். அதற்கு அருங்காட்சியகத் தோட்டத்தையே தேர்ந்தெடுத்தாள். அங்கே அவன் பிறப்பதற்கு முன்பே வைத்த மரங்கள்தான் இருந்தன. புதுச் செடி எதுவும் உள்ளே வந்ததில்லை. படிக்கட்டின் ஓரத்துக் கல்லைப் புரட்டினாள். அடியில் கொத்துக் கொத்தாக நெளிந்தன. ஒன்றை உள்ளே எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தாள், அதே இனம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஏறி இறங்கிய படிக்கட்டு. திரும்பி வந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

அங்கிருந்தே அவனுக்குப் போன் செய்தாள்.

"நீங்க இல்லங்க. உங்களுக்கு எவ்வளவோ முன்னாடியே வந்தாச்சு."



"அப்போ யாரு?"

"தெரியல. யாரும் தோண்டிப் பாக்கல, அவ்வளவுதான்."

அவன் பண்ணையைத் திறந்துவிட்டான். இப்போது மண்ணை ஆவியில் வேகவைத்துத்தான் தொட்டியில் போடுகிறான். பக்கத்து ஊர்களிலிருந்து அவளுக்குக் குப்பிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறந்து, நாற்பத்தொரு ஜோடிதானா என்று எண்ணுகிறாள். இதுவரை ஒரு குப்பிகூட ஏமாற்றவில்லை.